டயாலிசிஸ் இல்லாத 156 மணி நேரம்

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் எடுத்துக்கொள்ளும் ஒருவரிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் ரிப்போர்ட்டில் உள்ள எண்களைத்தான் சொல்வார். கிரியேட்டினின் 9, யூரியா 120, ஹீமோகுளோபின் 8.5. வீட்டில் இருப்பவர்களும் அந்த எண்களைத்தான் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். ஆனால் அவர் எப்படி வாழ்கிறார் என்று தெரிந்துகொள்ள வேறு ஒரு கேள்வி போதும்: "டயாலிசிஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போனா, பழையபடி ஆக எவ்வளவு நேரம் ஆகுது?"

"ஒரு தூக்கம் போட்டா சரியாயிடும்" என்பவர் உண்டு. "மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஆளே எழுந்திருக்க மாட்டேன்" என்பவரும் உண்டு. வாரம் மூன்று முறை மெஷினுக்குப் போகிறவருக்கு இரண்டாவது நிலை வாய்த்தால், வாரத்தில் ஒரு நாள்தான் அவருக்கென்று மிஞ்சும். இது சாதாரண விசாரிப்பு இல்லை. பல நாடுகளின் டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் 'டாப்ஸ்' ஆய்வில், மீண்டுவர அதிக நேரம் எடுத்துக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதும் இறப்பதும் கூடுதலாகவே இருந்தது. டயாலிசிஸ் ஆராய்ச்சிகளில் எதை அளக்க வேண்டும் என்று நோயாளிகளையும் குடும்பத்தாரையும் மருத்துவர்களையும் சேர்த்துக் கேட்ட 'சாங்' என்ற சர்வதேச முயற்சி, கட்டாயம் அளக்க வேண்டியவை என்று நான்கைத் தேர்ந்தது: இதய நோய், மெஷினுக்கு ரத்தம் எடுக்கும் ரத்தக்குழாய் வழி, இறப்பு, அவற்றுக்குச் சமமாகச் சோர்வு. பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் மாதா மாதம் தவறாமல் அளக்கிறோம். சோர்வை யாரும் அளப்பதில்லை.

கிரியேட்டினினைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. டயாலிசிஸ் தொடங்கியபிறகு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவதில் பயன் இல்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. நன்றாகச் சாப்பிட்டு, நடமாடி, தசை உள்ளவருக்கு டயாலிசிஸுக்கு முன் 10, 12 என்றுகூட இருக்கும். "ஆறுக்கு இறங்கிடுச்சு, கிட்னி தேறுது" என்று சந்தோஷப்படும் வீடுகளில் பல நேரம் உண்மையில் நடப்பது, சாப்பாடு இறங்காமல் தசை கரைவது. டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா என்று பார்க்க வேறு கணக்குகள் உண்டு. டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் யூரியா எடுத்துப் பார்த்தால் குறைந்தது 65 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும். ரத்தம் எவ்வளவு சுத்தமாகிறது என்று காட்டும் இன்னொரு கணக்கை 'கேடி பை வி' என்று சொல்வார்கள். வாரம் மூன்று முறை போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் 1.2-க்குக் குறையக்கூடாது, 1.4 இருந்தால் நல்லது. மாதம் ஒருமுறை இந்த எண்ணைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

அடித்துப் போட்டது போன்ற சோர்வு ஏன்?

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் சொட்டுச் சொட்டாக வேலை செய்கிறது. மெஷினுக்குக் கிடைப்பது வாரம் மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம். ஆக 12 மணி நேரம். மீதி 156 மணி நேரத்தில் சேர்ந்த அழுக்கையும் நீரையும் அந்தப் பன்னிரண்டுக்குள் எடுத்தாக வேண்டும். அழுக்கை எடுப்பது ஓரளவு எளிது. உடம்பைப் போட்டு உலுக்குவது நீரை எடுப்பதுதான்.

மெஷின் நீரை ரத்தத்திலிருந்து மட்டுமே உறிஞ்ச முடியும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம். காலிலும் நுரையீரலிலும் தேங்கிய நீர் மெதுவாக ரத்தத்துக்குள் ஊறி வந்தால்தான் அடுத்த மடக்கை எடுக்க முடியும். ஊறும் வேகத்தைவிட உறிஞ்சும் வேகம் கூடினால் கிணறு வற்றுவது போல ரத்தக்குழாய் வற்றுகிறது. பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், வாந்தி, கண் இருட்டல் வரும். வெளியே தெரியாமல் இன்னொன்றும் நடக்கிறது: இதயத் தசைக்குப் போகும் ரத்தம் குறைந்து, அதன் சில பகுதிகள் சற்று நேரம் செயலற்றுப் போகின்றன. வருடக்கணக்கில் இது திரும்பத் திரும்ப நடந்தால் இதயம் பலவீனமாகிறது. மறுநாள்வரை நீளும் அந்தச் சோர்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்துக்கு ஓர் எல்லை சொல்லப்பட்டிருக்கிறது: ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லி. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 780 மில்லி, நான்கு மணி நேரத்துக்குச் சுமார் 3.1 லிட்டர். அவரே இடையில் சேர்ந்த நீரால் ஐந்து கிலோ ஏறி வந்தால் மணிக்கு 1,250 மில்லி எடுக்க வேண்டும். கிலோவுக்கு 21 மில்லி. அன்றைக்குப் பிரஷர் இறங்காவிட்டால்தான் ஆச்சரியம். வழி மூன்றே: நேரத்தைக் கூட்டுவது, இன்னொரு நாள் கூடுதலாக வருவது, அல்லது குறைவாக ஏறி வருவது.

இங்கேதான் "சிஸ்டர், அரை மணி நேரம் முன்னாடியே எடுத்துவிடுங்க, பஸ் போயிடும்" என்ற வேண்டுகோள் வருகிறது. அந்த அவசரம் நியாயமானதுதான். ஆனால் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வாரம் மூன்று முறை அரை மணி குறைந்தால் மாதத்துக்கு ஆறு மணி நேரம் போகிறது. ஒன்றரை டயாலிசிஸே காணாமல் போனதற்குச் சமம். எடுக்க வேண்டிய நீரின் அளவோ மாறவில்லை, அதையே இன்னும் வேகமாக எடுத்தாக வேண்டும். அரை மணியை மிச்சம் பிடித்தவர் மறுநாள் காலையை இழக்கிறார்.

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, வந்தபோது எடை, எடுத்த நீர், எவ்வளவு நேரத்தில் தெளிந்தேன். இந்த நான்கையும் இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால், இரண்டு லிட்டர் எடுத்த நாளுக்கும் மூன்றரை எடுத்த நாளுக்கும் உள்ள வித்தியாசம் தானே தெரியும். அதைக் காட்டி டாக்டரிடம் குறிப்பாகக் கேட்கலாம்: நேரத்தை நாலரை மணியாக்க முடியுமா? மெஷினில் ஓடும் திரவத்தின் வெப்பநிலையை 37-லிருந்து 36 அல்லது 35.5 டிகிரிக்குக் குறைக்கலாமா? திரவம் சற்றுக் குளிர்ந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கிப் பிரஷர் தாக்குப்பிடிக்கும். பைசா செலவில்லாத வழி, குளிர் எடுத்தால் ஒரு போர்வை போதும். காலை பிரஷர் மாத்திரையை டயாலிசிஸ் நாளில் பின்னால் போட்டுக்கொள்ளலாமா என்பதும் கேட்க வேண்டியது. மெஷினில் படுத்திருக்கும்போதே வயிறு முட்ட இட்லி சாப்பிடுவது பிரஷரை இறக்கும். செரிமானத்துக்காக ரத்தம் குடலுக்குப் போய்விடுகிறது. பிரஷர் இறங்கும் வழக்கம் உள்ளவர்கள் முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது.

ட்ரை வெயிட்

கூடுதல் நீர் எதுவும் இல்லாத எடை. இதை வைத்துத்தான் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். இது ஒருமுறை எழுதி வைத்துவிடும் எண் அல்ல, மாறிக்கொண்டே இருப்பது. பசி திரும்பி, சதை பிடிக்கும்போது ட்ரை வெயிட் கூட வேண்டும். கூட்டாமல் விட்டால் சதையைத் தண்ணீர் என்று நினைத்து உறிஞ்சுவார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் தவறாமல் கால் பிடிப்பது, எழுந்து நின்றதும் தலை சுற்றுவது இதன் அடையாளம். மாறாக, காய்ச்சலிலோ சாப்பிடாமலோ சதை கரைந்தால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். எடை அதேதான், ஆனால் படுத்தால் மூச்சு முட்டும், இரண்டு தலையணை கேட்கும், பிரஷர் மாத்திரை மூன்றாகியும் பிரஷர் அடங்காது. ட்ரை வெயிட்டை மாதம் ஒரு தடவையாவது திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எடை பார்க்கும் விதமும் முக்கியம். செருப்பு, சட்டைப் பையில் செல்போன், ஸ்வெட்டர், மடியில் சாவிக்கொத்து. இதெல்லாம் சேர்ந்து ஒரு கிலோ வரும். அந்த ஒரு கிலோவைக் கணக்கில் எடுத்து மெஷினில் போட்டால், இல்லாத தண்ணீரை உடம்பிலிருந்து எடுப்பார்கள்.

தாகத்தைவிட உப்பு

"தண்ணியைக் குறைங்க" என்று சொல்லாத டாக்டர் இல்லை. ஆனால் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது பாதி அறிவுரை. உடம்பில் உள்ள ஒரு லிட்டர் நீர் சுமார் 9 கிராம் உப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. சிறுநீர் போகாதவர் 9 கிராம் உப்பைச் சாப்பிட்டால், ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும்வரை தாகம் அடங்காது; அது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. நாளைக்குப் பத்து கிராம் உப்பு சேர்க்கும் வீட்டில் இரண்டு நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் ஏறும். அதையே ஐந்து கிராமாக்கினால் ஒரு லிட்டர் சொச்சம். தாகத்தோடு சண்டை போடுவதைவிட உப்போடு போடும் சண்டையில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்.

நம் சமையலில் உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்: ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், வடகம், தொக்கு, மிக்ஸர். அப்பளத்தில் உப்போடு சோடா உப்பும் சேர்கிறது. தெரியாமல் போவது, இட்லி மாவுக்குப் போட்ட உப்பு, சாம்பாருக்குப் போட்டது, சட்னிக்குப் போட்டது என்று ஒரே தட்டில் மூன்று முறை விழுவது. நடைமுறைக்கு ஒத்துவரும் முறை ஒன்று உண்டு. காலையில் ஒரு சின்ன டப்பாவில் அரை டீஸ்பூன் பொடி உப்பை, சுமார் மூன்று கிராம், அவருக்கென்று எடுத்து வைத்துவிட வேண்டும். குழம்பு, பொரியலில் உப்புப் போடும் முன்பே அவர் பங்கைத் தனியாக எடுத்துவிட்டு, சாப்பிடும்போது அந்த டப்பாவிலிருந்து மேலே தூவிக்கொள்வது. மேலே தூவிய உப்பு நாக்கில் நேராகப் படும். குறைவாகப் போட்டாலும் உப்புக் கரிக்கும். எலுமிச்சைச் சாறு சில சொட்டு, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் கைகொடுக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்துப்பும் சோடியம்தான், கிட்னிக்கு நல்லது என்று அதை விற்பதை நம்ப வேண்டாம். சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் வருவது அதைவிட ஆபத்து, ஏனென்றால் குறைத்த சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். பிரஷர்காரருக்கு நல்லதாக இருக்கும் அது, டயாலிசிஸ் நோயாளியின் இதயத்தை நிறுத்தக்கூடியது.

தண்ணீர்க் கணக்கு: 24 மணி நேரத்தில் போகும் சிறுநீரை அளந்து, அதோடு 500 மில்லி சேர்த்துக்கொள்வது. சிறுநீரே இல்லையென்றால் 500 முதல் 750 வரை. காபி, மோர், ரசம், கஞ்சி, பாயசம், ஐஸ், மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். ரசம் இரண்டு கரண்டி, மோர் ஒரு டம்ளர், மூன்று வேளை காபி என்றாலே தண்ணீர் குடிக்காமலே கணக்கு முடிந்துவிடும். கணக்கு வைக்கச் சுலபமான வழி: அன்றைக்கு அனுமதித்த அளவு தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி வைப்பது. ஒரு டம்ளர் காபி குடித்தால், அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் இரவுவரை மிச்சம் இருப்பது. கண்ணுக்கு எதிரே இருப்பதால் யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. சர்க்கரை நோயும் உள்ளவருக்கு ரத்தச் சர்க்கரை 250, 300 என்று நின்றால் தாகம் அடங்கவே அடங்காது. அங்கே முதலில் சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும்.

வாரம் இரண்டு முறை என்ற நடைமுறை

நம் ஊரில் நிறையப் பேர் வாரம் இரண்டு முறைதான் போகிறார்கள். தூரம், கூலி இழப்பு, மெஷின் கிடைக்காதது என்று காரணங்கள் பல. திங்கள், வியாழன் என்று போனால் இடைவெளி ஒரு பக்கம் மூன்று நாள், மறுபக்கம் நான்கு நாள். வாரம் மூன்று முறை போகிறவர்களிலேயே, நீண்ட இடைவெளி முடியும் நாளில் மாரடைப்பும் இறப்பும் கூடுகின்றன என்று 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது; 32,000 பேருக்கு மேல் பார்த்த ஆய்வு. நான்கு நாள் இடைவெளி அதைவிட மோசம். கடைசி இரண்டு நாட்களில் உப்பு, தண்ணீர், பழம் மூன்றிலும் கூடுதல் கட்டுப்பாடு தேவைப்படுவது இதனால்தான்.

நாளைக்கு அரை லிட்டராவது சிறுநீர் போகிறவர்களுக்கு வாரம் இரண்டு முறை ஓரளவு தாங்கும். ஆகவே மிச்சமிருக்கும் சிறுநீரைச் சொத்துப் போலக் காப்பாற்ற வேண்டும். உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையும் ஊசியும் அதை அழிக்கும். பெயர் தெரியாத பொடியும் லேகியமும் அப்படியே. டயாலிசிஸின்போது அடிக்கடி பிரஷர் இறங்குவதும் சிறுநீரை வற்ற வைக்கும். சிறுநீர் நின்றபின்னும் அதே இரண்டு முறையில் தொடர்ந்தால் உடம்பு மெல்ல மெல்லச் சரியும். அந்தக் கட்டத்தில் மூன்றாவது டயாலிசிஸைக் கேட்டே ஆக வேண்டும்.

சாப்பாட்டில் நடக்கும் பெரிய தவறு

டயாலிசிஸுக்கு முந்தைய காலத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு சார்ட் கொடுத்திருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கி இரண்டு வருடம் ஆனபின்னும் அதே சார்ட் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். இது பெரிய கேடு. ஒவ்வொரு டயாலிசிஸிலும் சில கிராம் அமினோ அமிலம் வடிந்து போகிறது. இப்போது தேவை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டை வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம், சமைத்த மீன் 100 கிராமில் சுமார் 20, பருப்பு ஒரு கைப்பிடியில் (30 கிராம்) சுமார் 7. கஞ்சியும் ரசம் சாதமுமாக இருந்தால் 30 கிராம்கூடத் தேறாது. வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் மிகக் குறைவு என்பதால் அசைவம் சாப்பிடுகிறவருக்கு அதைவிட நல்ல உணவு இல்லை. சைவர்களுக்குப் பருப்பும் பனீரும் சோயாவும் வேண்டியிருக்கிறது. பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கு அங்கே இறுக்கமாகிறது, டயட்டீஷியனோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

பொட்டாசியம்தான் சட்டென்று கொல்லக்கூடியது. வெயில் காலத்தில் "இளநீர் உடம்புக்கு நல்லது" என்று அன்பாகக் கொடுப்பவர்களால் ஆபத்து வருகிறது. ஒரு டம்ளர் இளநீரில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு, ஒரு நாளைக்கு அனுமதிப்பதில் கால் பங்கு. வாழைப்பழம், சாத்துக்குடிச் சாறு, முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, பேரீச்சை ஆகியவையும் அந்த வரிசைதான். காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு போய்விடும். குக்கரில் தண்ணீர் வற்ற வைத்தால் எதுவும் போகாது. பலர் கவனிக்காதது மலச்சிக்கல். சிறுநீரகம் நின்றபின் குடல் வழியாகத்தான் பொட்டாசியத்தில் ஒரு பங்கு வெளியேறுகிறது. மூன்று நாள் வயிறு போகாவிட்டால் ரத்தத்தில் ஏறும். கால்கள் திடீரென்று வலுவிழப்பது, நெஞ்சு படபடப்பது அல்லது துடிப்பு மந்தமாவது வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. நட்சத்திரப் பழம், சில ஊர்களில் தம்பரத்தம் என்பார்கள், ஒரு துண்டுகூட வேண்டாம். அதில் உள்ள நரம்பு நஞ்சைக் கிட்னி இல்லாத உடம்பு வெளியேற்ற முடியாமல், அடங்காத விக்கலில் தொடங்கி வலிப்புவரை போகும்.

பாஸ்பரஸ் மாத்திரையில் ஒரே விஷயம்தான் சொல்ல வேண்டும்: அது சோற்றோடு போட வேண்டியது. சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் மாத்திரையும் வீண், காசும் வீண். கோலா பானங்களிலும் பாக்கெட் இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட் ஏறக்குறைய முழுவதுமாக உடம்பில் சேரும். பருப்பில் உள்ளது பாதிகூடச் சேராது. பருப்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கோலாவைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

கையில் ஓடும் உயிர்

1966-ல் அமெரிக்காவில் பிரெஷியா, சிமினோ என்ற மருத்துவர்களின் குழு மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்துக் காட்டிய ஃபிஸ்டுலாதான் மெஷினுக்கு ரத்தம் எடுக்க இன்றைக்கும் மிகச் சிறந்த வழி. தேற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை பந்தை அமுக்கிப் பயிற்சி செய்யச் சொல்வார்கள். தேறிய ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்தால் "கிர்ர்" என்று ஓர் அதிர்வு ஓடும். காலையில் கண் விழித்ததும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். அதிர்வு நின்று, நாடி மட்டும் "டக் டக்" என்று அடித்தால் அடைப்பு. சில மணி நேரத்துக்குள் போனால் திறக்க வாய்ப்பு உண்டு, இரண்டு நாள் கழித்து டயாலிசிஸுக்குப் போகும்போது சொன்னால் பெரும்பாலும் ஃபிஸ்டுலா போய்விடும். பிரஷர் மிகவும் இறங்கிய நாளின் இரவில்தான் இது அதிகம் நடக்கிறது. அன்றைக்கு இரண்டு தடவை கூடுதலாகத் தொட்டுப் பாருங்கள்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான வளையலோ வாட்சோ கூடாது, தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. டயாலிசிஸுக்குப் படுக்கும் முன் சோப்புப் போட்டு அந்தக் கையை நோயாளியே கழுவிக்கொள்ள வேண்டும். வலி தெரியாது என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தச் சொல்வது பலரின் பழக்கம். அந்த இடத்தில் சுவர் மெலிந்து பலூன் போல உப்பும். ஏணிப்படி போல ஒவ்வொரு முறையும் சற்று மேலே அல்லது கீழே மாற்றிக் குத்த வேண்டும். உப்பிய இடத்தின் தோல் பளபளவென்று மெலிந்தாலோ, ஆறாத பொருக்கு இருந்தாலோ அன்றே காட்ட வேண்டும். வீட்டில் ரத்தம் பீறிட்டால் துண்டைச் சுற்றிக் கட்டுவதில் பயனில்லை. துண்டு ரத்தத்தைக் குடிக்குமே தவிர நிறுத்தாது. ஓட்டை உள்ள இடத்திலேயே இரண்டு விரலால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும்.

ஃபிஸ்டுலாவுக்குப் பதில் கழுத்தில் கதீட்டர் குழாய் உள்ளவர்களுக்கு ஒரே விதி: ஈரம் படக்கூடாது. மெஷினில் போட்ட சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம் எடுத்தால், கதீட்டரில் கிருமி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, பாரசிட்டமால் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும்.

ரத்தம், அரிப்பு, தூக்கம்

ஹீமோகுளோபின் 10 முதல் 11.5 வரை இருந்தால் படி ஏறலாம், வேலைக்குப் போகலாம். ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டும் ஏறவில்லையென்றால் முதலில் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து மறைந்திருக்கும் தொற்றை. ஊசியைக் கடையில் வாங்கி, சட்டைப் பையில் வைத்து வெயிலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தால் மருந்து கெட்டிருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது அது. ஐஸ் பையோடு எடுத்து வர வேண்டும், ஐஸில் நேரடியாகப் புதைத்து உறைய வைக்கவும் கூடாது. "ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திட்டா சீக்கிரம் தெம்பாயிடும்" என்பது மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவருக்குச் சரியான வழி அல்ல. ஒவ்வொரு பாட்டிலும் அடுத்தவர் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருளை உடம்பில் உண்டாக்கலாம். பின்னால் பொருத்தமான கிட்னி கிடைப்பது கடினமாகும்.

அரிப்பு பலருடைய தூக்கத்தைக் கெடுக்கிறது. போதாத டயாலிசிஸ், ஏறிய பாஸ்பரஸ், வறண்ட தோல் மூன்றையும் சரிசெய்தும் தீராவிட்டால் காபாபென்டின் என்ற மருந்து நன்றாகக் கேட்கும். அளவில்தான் கவனம்: டயாலிசிஸ் முடிந்தபின் 100 மில்லிகிராம் என்று தொடங்க வேண்டும். மற்றவர்களுக்குக் கொடுப்பது போல 300-ஐ மூன்று வேளை கொடுத்தால் ஆள் மயங்கிக் கிடப்பார், கைகால் வெட்டி இழுக்கும். இரவில் கால் சும்மா இருக்காமல் அசைந்துகொண்டே இருக்கத் தோன்றுவதும் ஒரு நோய்தான். இரும்புச்சத்தைச் சரிசெய்தாலே சிலருக்கு அடங்கும்.

வீட்டுக்குள்

சிறுநீரக நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 'கேடிக்யூஓஎல்-36' என்ற 36 கேள்விகள் கொண்ட படிவம் உலகமெங்கும் பயன்படுகிறது. அதில் ஒரு வாசகம்: என் குடும்பத்துக்கு நான் பாரமாக இருப்பதாக உணர்கிறேன். நம் வீடுகளில் இதை யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. டயாலிசிஸ் நோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. அது அழுகையாக வெளியே வருவதைவிட, டயாலிசிஸைத் தவறவிடுவது, மாத்திரையை மறப்பது, "எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று எரிந்து விழுவது என்றுதான் பெரும்பாலும் வருகிறது. நோயாளி அடங்காப்பிடாரி ஆகிவிட்டார் என்று வீட்டில் நினைப்பார்கள். மருந்தும் பேச்சு சிகிச்சையும் இரண்டுமே பலன் தரும்.

வேலையை முற்றிலும் விடாமல் இருப்பது மனதுக்கும் வருமானத்துக்கும் மருந்து. காலை ஆறு மணி ஷிஃப்டோ மாலைக் கடைசி ஷிஃப்டோ கிடைத்தால் பாதி நாளாவது மிஞ்சும். யூனிட்டில் அதைக் கேட்டுப் பெறுவதில் தயங்கக் கூடாது. கூட வருபவரின் நாளும் ஒவ்வொரு முறையும் போகிறது என்பதை மறந்துவிடுகிறோம். நடக்க முடிகிறவர் தனியாகவே வந்து போகப் பழகுவது இருவருக்கும் விடுதலை.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். மாவட்ட மருத்துவமனைகளில் மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016-ல் வந்தது. ரயிலில் டயாலிசிஸுக்குப் போகிறவருக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. உரிய படிவத்தில் ஆஸ்பத்திரியின் கையெழுத்து வேண்டும். ஆனால் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தலசீமியாவும் ஹீமோபிலியாவும் இருக்கின்றன, சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. வாரத்தில் மூன்று நாளை இழக்கும் ஒருவரைச் சட்டம் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பது வருத்தம் தரும் விஷயம்.

மெஷினுக்கு வெகுதூரத்தில் இருப்பவருக்கு வயிற்று டயாலிசிஸ் நல்ல மாற்று. இரண்டு லிட்டர் திரவப் பையை நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை வயிற்றுக்குள் விட்டு எடுப்பது. ஒருமுறை மாற்ற அரை மணி. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதையும் சேர்த்துக்கொண்டது. தினமும் நடப்பதால் நீரும் உப்பும் மெதுவாகப் போகின்றன. அந்த மறுநாள் சோர்வு கிடையாது, சாப்பாட்டிலும் கெடுபிடி குறைவு. தப்பாவது சுத்தத்தில்தான்: மாற்றும்போது ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் முழுதும் காய்ந்தபின்தான் இணைப்பைத் தொட வேண்டும். வடிந்து வரும் திரவம் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தால் அந்தப் பையோடு அன்றே ஆஸ்பத்திரிக்கு.

மழைக் காலத்துக்கு ஒரு முன்னேற்பாடு எல்லோருக்கும் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் டயாலிசிஸ் மையங்களுக்குப் போகவே வழியில்லாமல் பலர் தவித்தார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் முன்னதாகவே டயாலிசிஸ் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தவறிப்போனால் குடிக்கும் அளவைப் பாதியாக்கி, பழம், காய், கீரை, இளநீரை அறவே நிறுத்தி, உப்பில்லாத சோறு, வெள்ளை ரொட்டி, வெள்ளைக்கருவோடு சமாளிக்க வேண்டும். பொட்டாசியத்தைக் குடலில் பிடிக்கும் பொடி நாலைந்து பாக்கெட்டை டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி, எப்போது, எத்தனை என்பதையும் கேட்டு வைக்கலாம். கூடவே ஒரே தாளில் ட்ரை வெயிட், கடைசி மூன்று டயாலிசிஸ் சார்ட், ஹெப்பாரின் (மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து) அளவு, மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவு, ரத்த வகை, மாத்திரைப் பட்டியல். இந்தத் தாள் இருந்தால் வேறு ஊரில் எந்த யூனிட்டிலும் அன்றைக்கே படுக்க வைப்பார்கள். இல்லையென்றால் முதலில் ரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டு, போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.